தொழில் தெரியும், சான்றிதழ் இல்லை: பினாங்கு இளைஞர்களுக்கும் சிறு பட்டறைகளுக்கும் ஒரு வழிகாட்டி

செபராங் பிறையின் கார் பட்டறைகளிலும் இரும்புப் பட்டறைகளிலும் பல்லாண்டு உழைத்து, இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே கோளாற்றைச் சொல்லிவிடும் நம் பிள்ளைகள் பலரிடம் அந்தத் திறமையை நிரூபிக்க ஒரு தாள்கூட இல்லை. அவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழைப் பற்றித்தான். மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் ஜேபிகே என்ற திறன் மேம்பாட்டுத் துறை, 2006ஆம் ஆண்டின் 652ஆவது சட்டத்தின்படி இதனை வழங்குகிறது. நிலை 1 முதல் 3 வரை சான்றிதழ், நிலை 4 டிப்ளோமா, நிலை 5 உயர் டிப்ளோமா.

அனுபவம் உள்ளவர் மீண்டும் வகுப்பறையில் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. பிபிடி என்ற முன் அனுபவ அங்கீகார முறையே அவருக்கு ஏற்றது. இதனை நம்மவர்கள் இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதில் எழுத்துத் தேர்வைவிடச் சான்றுக் கோப்பே முக்கியம். உங்கள் தொழிலுக்கான தேசியத் தொழில்திறன் தரநிலையை முதலில் பெற்று, அதில் கூறப்பட்டுள்ள ஒவ்வொரு பணிக்கும் நீங்கள் அதைச் செய்ததற்கான ஆதாரத்தைத் தேடுங்கள். வேலை செய்யும்போது உங்கள் முகமும் கையும் தெரிய எடுத்த படங்கள், வேலை ஆணைகள், முதலாளியின் உறுதிக் கடிதம், சம்பளச் சீட்டு ஆகியவை உதவும். சொந்தமாகத் தொழில் செய்பவரானால் வணிகப் பதிவையும் வாடிக்கையாளருக்குக் கொடுத்த ரசீதுகளையும் சேர்க்கலாம். வேலை முடிந்த பிறகு ஆதாரம் தேடுவது கடினம் என்பதால், இன்றிலிருந்தே தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார். கோப்பில் உள்ளதை உங்கள் வாயால் விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அனுபவமே இல்லாத இளைஞர்களுக்கு வேறு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, நிபோங் திபாலில் உள்ளது போன்ற அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகங்களில் முழுநேரமாகப் பயில்வது. மற்றொன்று எஸ்எல்டிஎன் என்ற இரட்டைப் பயிற்சி முறை. இதில் 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி வேலையிடத்திலேயே நடக்கிறது, மீதம் பயிற்சி மையத்தில். வீட்டுச் சுமையால் முழுநேரம் படிக்க இயலாதவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

தனியார் மையத்தில் சேருவதானால், பணம் கட்டுவதற்கு முன்பு, நீங்கள் எடுக்கும் அதே பாடத்திற்கும் அதே நிலைக்கும் ஜேபிகேயின் அங்கீகாரம் அந்த மையத்துக்கு இருக்கிறதா என்று அத்துறையின் மைஸ்பைக் இணையத்தளத்தில் பாருங்கள். ஒரு பாடத்திற்கான அங்கீகாரம் மற்றொன்றுக்குச் செல்லாது. பிடிபிகே என்ற திறன் மேம்பாட்டு நிதிக் கழகம் தரும் பயிற்சிக் கடன் திருப்பிச் செலுத்த வேண்டியது. ஒப்பந்தத்தைப் பெற்றோருடன் அமர்ந்து படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

பட்டறை நடத்துபவர்கள் எஸ்எல்டிஎன் வழியாகப் பயிற்சி பெறும் இளைஞர்களை ஏற்கலாம். ஊழியர் பயிற்சிக்கான நிதியை நிர்வகிக்கும் எச்ஆர்டி கார்ப் நிறுவனத்தின் சட்டத்திற்கு உட்பட்ட துறைகளில், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட உள்ளூர் ஊழியர்கள் உள்ள முதலாளி அவர்களின் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை லெவி என்ற கட்டணமாகச் செலுத்துவது கட்டாயம். ஐந்து முதல் ஒன்பது பேர் இருந்தால் விரும்பினால் 0.5 விழுக்காடு செலுத்திப் பதியலாம். அப்படிச் செலுத்தும் பணத்தை ஊழியர் பயிற்சிக்குப் பயன்படுத்தாமல் விட்டுவிடாதீர்கள்.

மின்வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று: எஸ்கேஎம் பெற்றதாலேயே வயரிங் வேலையைப் பொறுப்பேற்றுச் செய்துவிட முடியாது, எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழையும் பெற வேண்டும்.