அமெரிக்க நாயகி, ஆங்கிலப் பிரபு: கதை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்டோரியா காலத்தில் ஆங்கிலப் பிரபுக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்ட அமெரிக்கப் பெண்களைப் பற்றிப் புதியவர்கள் எழுதும் கதைகளைத் திருத்தும்போது, என் தொடக்கக் காலக் கதைகளின் ஓட்டைகளே எதிரே வந்து நிற்கின்றன. உடை, குதிரைவண்டி போன்றவற்றில் நேரும் சறுக்கல்களை அவரவரே சரிசெய்துகொள்ளலாம்.

டிசம்பரில் லண்டன் நடன விருந்துகள்

வேண்டாம். குளிர்காலத்தில் பிரபுக் குடும்பத்தினர் கிராமத்து மாளிகைகளில் வேட்டையாடிக்கொண்டிருப்பார்கள்.

சம்மதத்தோடு கதையை முடிப்பது

நாயகன் கேட்கிறான், நாயகி தலையசைக்கிறாள், அடுத்த அத்தியாயத்தில் தேவாலய மணி ஒலிக்கிறது. எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான், ஏனெனில் அந்தத் தலையசைப்புக்குப் பிறகுதான் இரு வீட்டாரின் வழக்கறிஞர்களும் பேச உட்காருவார்கள். நியூயார்க் செல்வர் லெனர்ட் ஜெரோமின் மகள் ஜென்னி, 1873 ஆகஸ்டில் இங்கிலாந்தின் கௌஸ் துறைமுகத்தில் நடந்த நடன விருந்தில், மார்ல்பரோ டியூக்கின் (டியூக் என்பது பிரபுப் பட்டங்களில் மிக உயர்ந்தது) இளைய மகன் லார்ட் ராண்டால்ஃப் சர்ச்சிலைச் சந்தித்தார். சில நாட்களிலேயே இருவரும் மணந்துகொள்வதென முடிவு செய்துவிட்டனர். திருமணமோ 1874 ஏப்ரலில்தான், பாரிஸிலுள்ள பிரிட்டிஷ் தூதரகத்தில் நடந்தது. இடையில் நடந்தது பணப் பேச்சு. மகளுக்கெனத் தனி வருமானம் வேண்டும் என்று ஜெரோம் பிடிவாதம் பிடித்தார். அது கணவன் கைக்குப் போவதே ஆங்கில வழக்கம் என்றது மாப்பிள்ளை வீடு. கடைசியில் 50,000 பவுண்டு மூலதனத்திலிருந்து வரும் ஆண்டு வருமானம் 2,000 பவுண்டை ஆளுக்குப் பாதியாகப் பிரிப்பதென முடிவாயிற்று. மணமகனின் பெற்றோர் திருமணத்துக்கு வரவே இல்லை.

இந்தப் பேரத்தைத் தவிர்ப்பவர்கள், நாயகன் வீட்டில் எத்தனையாவது பிள்ளை என்பதையும் மறந்துவிடுகிறார்கள். அண்மையில் படித்த ஒரு கதையில், டியூக்கின் மூன்றாம் மகன் மாமனார் தந்த பணத்தைக் கொண்டு தந்தையின் அரண்மனையைச் செப்பனிட்டு, அங்கேயே குடும்பம் நடத்துகிறான். பட்டமும் அரண்மனையும் மூத்தவனுக்கே சேரும் என்று சொன்னதும், அதை எழுதிய தம்பி கதையின் பின்பாதி முழுவதையும் மாற்ற வேண்டியதாயிற்று. 1895-இல் அமெரிக்கச் செல்வர் மகள் கான்சுவேலோ வாண்டர்பில்ட் வழியாக வந்த 25 லட்சம் டாலர் ரயில்வே பங்குகள் மார்ல்பரோ குடும்பத்தின் பிளென்ஹைம் அரண்மனைக்குப் பயன்பட்டன என்றால், அவர் மணந்தவர் ஒன்பதாவது மார்ல்பரோ டியூக்கே என்பதுதான் காரணம்.

‘லேடி ஜென்னி’

மணமான பின் ஜென்னி, கணவர் பெயரால் லேடி ராண்டால்ஃப் சர்ச்சில். தன் பெயரோடு ‘லேடி’ சேர்த்துக்கொள்ளும் உரிமை டியூக், மார்க்குவிஸ், ஏர்ல் ஆகிய பட்டம் பெற்ற பிரபுக்களின் மகள்களுக்கே உண்டு.

விருந்து முடிந்த வேளையில் காதலைச் சொல்வது

பெண்கள் எழுந்து வரவேற்பறைக்குப் போயிருப்பார்கள். நாயகன் மற்ற ஆண்களோடு போர்ட் ஒயின் அருந்திக்கொண்டிருப்பான்.