கிளவுடில் சர்வர் எடுக்கும் நிறுவனங்கள் சறுக்கும் இடங்கள்

இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆஸ் எ சர்வீஸ், சுருக்கமாக ஐஏஏஎஸ், என்பதில் வாடகைக்குக் கிடைப்பவை மூன்று: சர்வர், ஸ்டோரேஜ், நெட்வொர்க். கட்டடம், மின்சாரம், ஏசி, வன்பொருள், அதன்மேல் ஓடி ஒரே இயந்திரத்தைப் பல சர்வர்களாகப் பிரிக்கும் மெய்நிகராக்க மென்பொருள் எல்லாம் சேவை நிறுவனத்தின் பாடு. ஆபரேட்டிங் சிஸ்டம் தொடங்கி அதற்கு மேலுள்ள அத்தனையும் உங்கள் பாடு. பெரும்பாலான தவறுகள் இந்த எல்லைக்கோட்டை மறப்பதால்தான் வருகின்றன. "கிளவுடுக்குப் போயாச்சு, இனி அவங்க பார்த்துக்குவாங்க" என்று விட்டுவிட்டால், லினக்ஸுக்கும் டேட்டாபேஸுக்கும் பேட்ச் (பாதுகாப்புத் திருத்தம்) போட ஆளே இருக்காது. அந்த வேலைக்கு ஆள் இல்லாத நிறுவனம் டேட்டாபேஸையாவது மேலாண்மையோடு சேர்ந்த சேவையாக வாங்கிக்கொள்வது நல்லது. வாடகை கூடுதல்தான், ஆனால் ஒரு நிர்வாகியின் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

அடுத்தது அளவு. அலுவலகத்தில் 16 கோர், 64 ஜிபி சர்வர் இருந்தது என்பதற்காக கிளவுடிலும் அதையே எடுப்பார்கள். பழைய சர்வர் ஐந்து வருட வளர்ச்சியை எண்ணி வாங்கியதாக இருக்கும். கிளவுடில் அந்த முன்யோசனை தேவையில்லை. மாதக் கடைசி நெரிசலும் அடங்கும்படி குறைந்தது நான்கு வாரம் பயன்பாட்டை அளந்து, அதை வைத்து அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே எதிர்த்திசைப் பிழை ஒன்றும் உண்டு. இன்டெல் வகைச் சர்வர்களில் ஒரு விசிபியு (மெய்நிகர் சிபியு) என்பது பெரும்பாலும் ஒரு ஹைப்பர்த்ரெட், அதாவது பாதிக் கோர். 8 விசிபியுவை 8 கோர் என்று எண்ணினால் ஏமாற்றம்தான்.

விலை குறைவாக இருப்பதால் பலர் விழும் இடம் அமேசானின் டி3 போன்ற 'பர்ஸ்டபிள்' வகை, அதாவது சிறிது நேரம் மட்டும் முழு வேகம் தரும் சர்வர். டி3.மீடியத்தில் 2 விசிபியு. ஒவ்வொன்றிலும் தொடர்ந்து பயன்படுத்தக் கிடைப்பது 20 சதவீதம் மட்டுமே. சும்மா இருக்கும் நேரத்தில் மணிக்கு 24 கிரெடிட் சேரும், அதிகபட்சம் 576. ஒரு கிரெடிட் என்பது ஒரு விசிபியு ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடுவதற்கு. இரண்டும் முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 120 செலவு, 24 வரவு. நிரம்பிய கணக்கு 6 மணி நேரத்தில் காலி. ஆகவே ஒரு மணி நேரம் லோட் டெஸ்ட் (சுமை ஏற்றிப் பார்க்கும் சோதனை) நடத்தினால் எந்தக் குறையும் தெரியாது. நாள் முழுக்க வேலை ஓடும்போதுதான் வேகம் 20 சதவீதத்துக்கு இறங்கும். ஆனால் டி3 இயல்பாக, கிரெடிட் தீர்ந்தாலும் கூடுதல் கட்டணத்துக்கு முழு வேகத்தில் ஓட விடும் 'அன்லிமிடெட்' முறையில் வருவதால் பலருக்கு வேகம்கூடக் குறையாது, பில்தான் ஏறும். டேட்டாபேஸ் சர்வருக்கு இந்த வகை வேண்டாம்.

நினைவகக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச் இயல்பாகச் சிபியுவைக் காட்டும், ராம் பயன்பாட்டைக் காட்டாது. அதற்கு சர்வருக்குள் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருளை நிறுவ வேண்டும். சிபியு வரைபடத்தை மட்டும் பார்த்து சர்வரைச் சிறிதாக்கிவிட்டு, ராம் போதாமல் அப்ளிகேஷன் சாவது அடிக்கடி நடப்பது.

பில் விஷயத்தில் முதல் தவறு, நிறுத்திவைத்த சர்வருக்குச் செலவில்லை என்று நினைப்பது. சர்வரை நிறுத்தினால் சிபியு, ராமுக்கான வாடகை நிற்கும்; டிஸ்க் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரில் விண்டோஸுக்குள் போய் ஷட் டவுன் கொடுத்தால் சிபியு, ராம் வாடகைகூட நிற்காது. போர்ட்டலில் நிறுத்தி, நிலை 'டீஅலோகேட்டட்' என்று வந்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். சர்வரை அழித்தாலும், தனியாக இணைத்த டிஸ்க்குகள் பின்தங்குவதுண்டு. மாதம் ஒரு முறை எதோடும் சேராத டிஸ்க், பழைய ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) பட்டியலை எடுத்துப் பாருங்கள். வெளியே போகும் டேட்டாவுக்குத் தனிக் கட்டணம் என்பதையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள். பட்ஜெட் எச்சரிக்கை என்பது மின்னஞ்சல் அனுப்பும், சர்வரை நிறுத்தாது. தள்ளுபடிக்காக ஓராண்டு, மூன்றாண்டு ஒப்பந்தம் போடுவதாக இருந்தால், சர்வர் அளவு சரியான பிறகு போடுங்கள். பெரிதாக எடுத்த சர்வருக்குத் தள்ளுபடி வாங்குவது வீண்செலவைப் பூட்டிவைப்பதுதான்.

பேக்கப்பில் நடக்கும் தவறுதான் நிறுவனத்தையே மூடவைக்கும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து அழிந்தது. பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2014-இல் புரோகிராம் கோடுகளைச் சேமித்துத் தரும் கோட் ஸ்பேசஸ் நிறுவனத்தின் அமேசான் கணக்குக்குள் புகுந்த ஒருவர் சர்வர்களோடு பேக்கப்களையும் அழித்தார். நிறுவனம் அத்தோடு முடிந்தது. முதலாவதற்கு மருந்து வேறொரு ரீஜியனில், அதாவது வேறு ஊரிலுள்ள டேட்டா சென்டர் தொகுதியில், ஒரு பிரதி. இரண்டாவதற்கு அது போதாது: வேறு கணக்கில், வேறு கடவுச்சொல்லோடு, குறிப்பிட்ட நாள் வரை யாராலும் அழிக்க முடியாத பூட்டோடு ஒரு பிரதி வேண்டும். ரெப்ளிகா, அதாவது உடனுக்குடன் புதுப்பிக்கப்படும் டேட்டாபேஸ் நகல், பேக்கப் ஆகாது; தவறாக அழித்த டேபிள் அங்கேயும் நொடியில் அழியும். காலாண்டுக்கு ஒரு முறை பேக்கப்பிலிருந்து புதிய சர்வரில் மீட்டெடுத்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துவைக்க வேண்டும். சர்வரோடு இலவசமாக வரும் தற்காலிக டிஸ்க்கில் எதையும் சேமிக்காதீர்கள். சர்வர் நின்றால் அதிலுள்ளதும் போய்விடும்.

பாதுகாப்பில் சொல்ல வேண்டியது குறைவு, ஆனால் விதிவிலக்கு கிடையாது. ஃபயர்வாலில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழிகளான 22 (லினக்ஸ்), 3389 (விண்டோஸ்) போர்ட்களை 0.0.0.0/0 என்று உலகத்துக்கே திறந்துவைக்காதீர்கள். விபிஎன் வழியாக மட்டும் விடுங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டுவிட்டு, அன்றாட வேலைக்கு அதைத் தொடாதீர்கள். கிளவுட் கணக்கின் அணுகல் சாவியைப் புரோகிராமுக்குள் எழுதாமல், சர்வருக்கு ரோல் (தேவையான அனுமதிகளின் தொகுப்பு) கொடுங்கள்.

கடைசியாக எஸ்எல்ஏ, அதாவது சேவை எவ்வளவு நேரம் ஓடும் என்று நிறுவனம் தரும் ஒப்பந்த உறுதி. அமேசானின் சர்வர் வாடகைச் சேவையான ஈசி2 ஒற்றைச் சர்வருக்குத் தரும் உறுதி 99.5 சதவீதம். 30 நாள் மாதத்தில் 3.6 மணி நேரம் நின்றாலும் அது ஒப்பந்தத்துக்கு உட்பட்டதே. 99.99 என்ற எண், ஒரே ரீஜியனில் ஒன்றுக்கு மேற்பட்ட அவைலபிலிட்டி ஸோன்களில் (ஒன்றையொன்று சாராத டேட்டா சென்டர்களில்) சர்வர்களைப் பிரித்து வைத்திருப்பவர்களுக்கு. மீறினால் கிடைப்பதும் உங்கள் வியாபார நஷ்டத்துக்கான ஈடு அல்ல, சேவைக் கட்டணத்தில் ஒரு பங்கைப் பில்லில் கழித்துத் தரும் கிரெடிட். அதுவும் தானாக வராது. நீங்கள்தான் கேட்க வேண்டும், நின்ற தேதி, நேரம், லாக் பதிவுகளோடு. அந்தப் பதிவுகள் நின்றுபோன சர்வருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளாமல் இருக்க, கண்காணிப்பை வெளியே ஓர் இடத்தில் ஓட விடுங்கள்.