பழைய மினி பைக் சக்கரத்தில் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக்கும் மாட்டுவது

1960, 70களில் அமெரிக்கப் பிள்ளைகள் வீட்டுக் கொல்லையில் ஓட்டித் தேய்த்த மினி பைக் ஒன்று, டாக்கோவோ பொனான்சாவோ ரப்போ, எந்தக் கம்பெனி வண்டியானாலும், துருவோடு கையில் சிக்கினால் எல்லோரும் முதலில் இன்ஜினைத்தான் பிரிப்பார்கள். நான் பின்சக்கரத்தில் கை வைக்கச் சொல்வேன். அந்தச் சின்ன இன்ஜினை எப்படியாவது ஓட வைத்துவிடலாம், வண்டியை நிறுத்துவதுதான் பாடு.

முதலில் செயினை அளந்து பாருங்கள். ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை 9.5 மில்லிமீட்டர் என்றால் 35ஆம் நம்பர். 12.7 என்றால் 40, 41, 420 மூன்றில் ஒன்று, அதில் 40 மட்டும் அகலம் கூடியது. கிளட்ச்சில் உள்ள சின்னப் பல்சக்கரமும் பின் ஸ்ப்ராக்கெட்டும், அதாவது பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரமும், அதே நம்பருக்கு உரியதாக இருக்க வேண்டும். முன்னால் 12 பல், பின்னால் 72 என்றால் இன்ஜின் 6 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. இன்ஜின் நிமிடத்துக்கு 3600 சுற்றில், 12 அங்குல உயர டயரோடு, மணிக்கு 34 கிலோமீட்டர் வரும். முழங்கால் உயர வண்டிக்கு இது தாராளம். 60 பல் போட்டால் வேகம் கூடும், ஆனால் மேட்டில் கிளட்ச் வழுக்கிச் சூடாகும்.

இரண்டு பாதியாகப் பிரியும் ரிம் என்றால், காற்றை முழுக்க இறக்காமல் அந்த போல்ட்களைத் தொடவே கூடாது. வால்வுக்குள் இருக்கும் ஊசியையே கழற்றி வைத்துவிடுங்கள்.

ஹப்பின் இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஒரு ஸ்பேசர் குழாய் வரும். முதல் தடவை அதை மறந்துவிட்டு ஆக்சில் நட்டை முறுக்கினேன், சக்கரம் இறுகிப்போனது. பிரேக்தான் பிடிக்கிறது என்று நினைத்து அரை நாள் பிரேக்கையே நோண்டிக்கொண்டிருந்தேன்!

சரி, ஸ்ப்ராக்கெட். ஹப்பில் அது உட்காரும் முகத்தில் துரு, பெயின்ட் எதுவும் இல்லாமல் தேய்த்தெடுங்கள். போல்ட்களைக் கையால் மட்டும் முறுக்கி, சக்கரத்தை ஃபிரேமில் மாட்டி, ஒரு கம்பியை ஃபிரேமில் கட்டி அதன் நுனியைப் பல்லுக்கு ஒட்டினாற்போல் நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பார்களே, அதே வேலைதான். கம்பிக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி ஒரு பக்கம் குறைந்தால் மரக்கட்டையால் லேசாகத் தட்டி நடுவுக்குக் கொண்டுவந்து, எதிரெதிர் போல்ட்களாக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். அலுமினிய ஹப் என்றால் ஆவேசம் வேண்டாம், மரை போய்விடும். நைலான் வளையம் வைத்த நட் புதிதாகப் போடுங்கள். அப்புறம் ஒரு நேரான இரும்புப் பட்டையை ஸ்ப்ராக்கெட்டின் பக்கவாட்டில் வைத்து, கிளட்ச் பல்சக்கரம் அதே கோட்டில் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் ஆக்சிலில் வாஷர் மாற்றிச் சரிசெய்யலாம். செயினின் இரு முனையையும் இணைக்கும் லிங்க்கின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கட்டும்.

பிரேக்குக்கு வருவோம். மலிவான வண்டிகளில் டயர் மேலேயே ஒரு தகடு உரசும், டயர் நனைந்தால் அது சும்மா அலங்காரம். மறுபக்கம் நாலரை அங்குல டிரம் ஏற்றி, அதைச் சுற்றி ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும் பேண்ட் பிரேக் போடுவது நல்லது. இதில் பலர் கோட்டைவிடுவது திசையில். பேண்டின் ஒரு முனை ஃபிரேமில் கட்டப்பட்டிருக்கும், மறுமுனையை கேபிள் இழுக்கும். முன்னோக்கி ஓடும்போது டிரம் சுற்றும் திசையிலேயே அந்த இழுப்பும் இருக்க வேண்டும், அப்போதுதான் டிரம்மே பேண்டைச் சேர்த்து இறுக்கிக் கொடுக்கும். தலைகீழாக மாட்டினால் லீவரை எவ்வளவு அமுக்கினாலும் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பேண்டின் உள்பக்கம் டிரம்மில் உரசும் லைனிங்கில் கிரீஸ் பட்டால் மாற்றிவிடுங்கள்.

கேபிளைக் கடைசியில் சரிசெய்யுங்கள். செயினை இறுக்க ஆக்சிலைப் பின்னால் தள்ளும்போது டிரம்மும் கூடவே நகரும், பேண்ட் ஒரு பக்கம் உரச ஆரம்பிக்கும். அதனால் செயினில் அரை அங்குல ஆட்டம் விட்டு ஆக்சிலை முறுக்கிய பிறகு, லீவரை விட்டால் பேண்ட் எங்கும் உரசாதபடி கேபிளை வையுங்கள். இன்ஜினைத் தொடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி ஒரு தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள்.