சிவந்த கண்ணெல்லாம் மெட்ராஸ் ஐ இல்லை

தண்டையார்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன் நான். கண் சிவந்தால் "ஆர்க் அடிச்சிருக்கும், தாய்ப்பால் விடு" என்பார்கள். மற்றவர்கள் மெட்ராஸ் ஐ என்பார்கள். எனக்கு அடிக்கடி வருவது யுவைடிஸ், அதாவது கண்ணுக்குள்ளே வரும் அழற்சி.

எப்படிக் கண்டுபிடிப்பது? மெட்ராஸ் ஐ என்றால் பீளை கட்டும், உறுத்தும். இதில் பீளை இருக்காது. கருவிழியைச் சுற்றிச் சிவப்பு, உள்ளே வலி, பார்வையில் மங்கல். வலிக்கும் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, நல்ல கண்ணால் ட்யூப் லைட்டைப் பாருங்கள். மூடிய கண் வலித்தால் சந்தேகப்படலாம். வெளிச்சம் பட்டால் இரண்டு கண்ணின் பாப்பாவும் சேர்ந்தே சுருங்கும், அதுதான் காரணம். வலிக்கவில்லை என்பதற்காக டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

கிருமி இல்லாமலேயே இது வரும். கண்ணின் ரத்தக்குழாய்ச் சுவர் இறுக்கமானது. வெள்ளை அணுக்கள் சுலபமாக உள்ளே வர முடியாது. நோய் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்தத் திசுவையே தாக்கும்போது அந்தச் சுவர் இளகி, அணுக்களும் புரதமும் கசிகின்றன. அகஸ்தியா தியேட்டரில் புரொஜக்டர் வெளிச்சத்தில் தூசி மிதந்ததே, ஸ்லிட் லேம்ப் என்ற கண் பார்க்கும் கருவியில் டாக்டருக்கு அப்படித்தான் தெரியும்.

அதே நாளில் கண் டாக்டரிடம் போங்கள். பைக் வேண்டாம், பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டால் திரும்பி ஓட்ட முடியாது. மெட்ரோவில் சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை அங்கேதான். காலையில் முதுகு விறைத்து, நடமாடினால் சரியாகிறதா? அதையும் சொல்லுங்கள். முதுகெலும்பு அழற்சியோடும் யுவைடிஸோடும் தொடர்புள்ள எச்எல்ஏ-பி27 என்ற மரபணுவுக்கு ரத்தப் பரிசோதனை எழுதலாம்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து பால்போல் இருந்தால் நன்றாகக் குலுக்கி விடுங்கள். கண்ணை மூடி, அதன் மூக்கோர மூலையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிடம் இடைவெளி. விரிக்கும் மருந்தைத் தவிர்க்காதீர்கள். இல்லாவிட்டால் கருவிழித்திரை லென்சோடு ஒட்டிக்கொள்ளும். சிவப்பு போனதும் ஸ்டீராய்டை நிறுத்திவிடக் கூடாது, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மெடிக்கலில் நாமே வாங்கித் தொடர்வதும் ஆபத்து: கண் அழுத்தம் ஏறும், புரை விழும்.

திரும்பத் திரும்ப வந்தால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை தருவார்கள். அதற்கு முன் டிபி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மறுக்காதீர்கள். மெத்தோட்ரெக்சேட் எழுதினால் அது வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. என் மனைவி அட்டையில் பெரிய எழுத்தில் 'ஞாயிறு' என்று மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறாள்.