பல்லைப் பிடுங்கும் முன்பே கேட்க வேண்டியது

காரைக்குடியில் என் அப்பத்தாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கி, இரண்டு ஆண்டுகள் கழித்து இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கப் போனபோது, அந்த இடத்து எலும்பு வயல் வரப்பைப் போல ஒடுங்கிக் கிடந்தது. பல்லைத் தாங்குவதற்காகவே இருக்கும் எலும்பு, பல் போனதும் கரையத் தொடங்குகிறது. ஓராண்டுக்குள் அதன் அகலம் ஏறத்தாழப் பாதி வரை குறையக்கூடும். அதில் பெரும்பங்கு முதல் 3 மாதங்களிலேயே நிகழ்ந்துவிடும், ஈறும் கூடவே இறங்கிவிடும். ஆகவே இம்ப்ளான்ட் வைக்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், பிடுங்கும் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோய், புகையிலைப் பழக்கம், இரத்தம் உறையாமைக்கும் எலும்புத் தேய்வுக்கும் உண்ணும் மாத்திரைகள் ஆகியவற்றையும் மறைக்காதீர்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முன்பற்களின் வெளிப்புற எலும்புச்சுவர் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் கனம்கூட இராது என்பதால், பல்லை முரட்டுத்தனமாக நெம்பாமல் மெல்லத் தளர்த்தி எடுப்பதே முதல் பாதுகாப்பு. பிறகு எலும்பு கரைவதைக் குறைக்க, பல் இருந்த குழியைச் சுத்தம் செய்து, எலும்புத்தூள் நிரப்பி, கொலாஜன் என்ற புரதத்தாலான மெல்லிய சவ்வால் மூடித் தையல் போடுவார்கள். தூள் மாட்டெலும்பிலிருந்தோ, தானமாகப் பெற்ற மனித எலும்பிலிருந்தோ வரலாம். செயற்கையான கால்சியம் பாஸ்பேட்டும் உண்டு. சைவக் குடும்பத்தார் இதை முன்னதாகவே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. இச்சிகிச்சை தேய்வைக் குறைக்குமே தவிர முழுதும் நிறுத்தாது. எல்லோருக்கும் இது தேவைப்படுவதும் இல்லை.

வீடு திரும்பியபின் முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளிக்கவும், காறித் துப்பவும், உறிஞ்சுகுழலில் குடிக்கவும் கூடாது. குழியில் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும். சாப்பிட்டவுடன் வெற்றிலை போடும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதுதான் மிகக் கடினம். ஆனாலும் புண் ஆறும் வரை வெற்றிலையும், குறிப்பாகப் புகையிலையும் வேண்டவே வேண்டாம். ஆறிய இடியாப்பம், குழைந்த சோறு போதும். முறுக்கின் ஒரு துணுக்கு தையலுக்குள் குத்தினால் படும் பாடு பெரிது. நிரப்பிய தூளின் ஓரிரு வெண்மணிகள் நாக்கில் தட்டுப்பட்டால் அஞ்ச வேண்டாம். வலி மூன்றாம் நாளுக்கு மேல் கூடினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். தற்காலிகப் பல்செட் அந்த ஈற்றை அழுத்தாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக 4 முதல் 6 மாதங்களில் ஸ்கேன் எடுத்து இம்ப்ளான்ட் வைப்பார்கள். வைப்பவர் மதுரையிலோ திருச்சியிலோ இருக்கக்கூடுமாதலால், நிரப்பிய தூளின் வகையையும் தேதியையும் சீட்டில் எழுதி வாங்கி, எக்ஸ்ரேயோடு சேர்த்து வையுங்கள்.