25 வருட உத்தரவாதத்தை மட்டும் நம்பி சோலர் பூட்டுபவர்கள் விடும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் கூரைக்குச் சோலர் பூட்ட விலை கேட்டுப் போனால், முதலில் காதில் விழுவது "25 வருட உத்தரவாதம்". அந்த ஒரு எண்ணைக் கேட்டதுமே பலர் முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை உழைத்து அனுப்பிய காசாக இருக்கும், இல்லாவிட்டால் வங்கிக் கடன். உத்தரவாதம் தருபவர் அத்தனை வருடமும் தொழிலில் இருப்பாரா என்று கேட்காமல் விடுவதைத்தான் நான் மிகப் பெரிய தவறாகச் சொல்வேன்.

பெரிய கொம்பனி விழாது என்பது இன்னொரு நம்பிக்கை. சீனாவின் வூஷி நகரில் 2001இல் ஷி செங்ரோங் தொடங்கிய சன்டெக் என்ற சோலர் பனல் கொம்பனியைப் பாருங்கள். 2005இல் நியூயோர்க் பங்குச் சந்தைக்குப் போய், 2011 அளவில் உலகின் மிகப் பெரிய பனல் உற்பத்தியாளராக நின்றது. 2013 மார்ச்சில் 541 மில்லியன் டொலர் கடன்பத்திரங்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்க முடியாமல் போனது. பனலின் மூலப்பொருளான சிலிக்கனுக்குத் தட்டுப்பாடு இருந்த 2006இல், அமெரிக்கக் கொம்பனி ஒன்றோடு பத்து வருடக் கொள்வனவு ஒப்பந்தம் செய்திருந்தார்கள். 2008இல் கிலோ 400 டொலரைத் தாண்டிய சிலிக்கன், 2012 முடிவில் 20 டொலருக்கும் கீழே வந்துவிட்டது. அந்த ஒப்பந்தத்தை முறிக்கவே பெரும் பணம் கட்ட வேண்டியதாயிற்று. கடன்பட்டு ஆலைகளைப் பெருக்கியிருந்த நேரத்தில் சந்தையில் பனல் குவிந்து விலையும் சரிந்தது. பிறகு வேறொரு சீனக் கொம்பனி வாங்கியதால் பெயர் மட்டும் தொடர்ந்தது. ஆகவே பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இப்போது உரிமையாளர் யார், இலங்கையில் முகவர் யார் என்றும் விசாரியுங்கள்.

வழக்கத்துக்கு மாறான வடிவத்தில் வரும் சாமானிலும் கவனம் வேண்டும். கலிபோர்னியாவின் சொலிண்ட்ரா என்ற கொம்பனி குழாய் வடிவப் பனல் செய்தது. அமெரிக்க அரசு 535 மில்லியன் டொலர் கடனுக்குப் பிணை நின்றும் 2011இல் விழுந்துவிட்டது. அப்படிப்பட்ட சாமான் ஒன்று உடைந்தால் மாற்றுக்கு எங்கே போவது? எல்லோரும் விற்கும் வழக்கமான அளவுப் பனலே நல்லது.

சரி, அந்த 25 வருடம் எதற்கு? அநேகமாக மின் உற்பத்தி அளவுக்குத்தான். கடைசி வருடத்திலும் ஏறக்குறைய 80 வீதம் தரும் என்பதே அதன் பொருள். உள்ளே ஈரம் போனால், சட்டகம் கழன்றால், அதற்குரியது வேறு உத்தரவாதம், பல பனல்களுக்கு 10 அல்லது 12 வருடம். பனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டியான இன்வேட்டருக்கு இன்னும் குறைவு, பெரும்பாலும் 5 முதல் 10 வருடம். பெரும்பாலும் முதலில் பழுதாவதும் அதுதான். அதனால் பனலின் பெயரை விட இன்வேட்டரைத் திருத்த இங்கே ஆள் உண்டா என்பதை அதிகம் கேளுங்கள்.

பூட்டியவர் நாளை கடையை மூடினாலும் வேறொருவர் வந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். தொடரிலக்கங்கள், வயரிங் வரைபடம், இன்வேட்டரின் கடவுச்சொல் எல்லாவற்றையும் வாங்கி வையுங்கள். மின் உற்பத்தியைப் பார்க்கும் கைபேசிச் செயலியின் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். மின்சாரம் விநியோகிப்பவர்கள் வந்து மீற்றர் மாற்றும்வரை ஒரு பகுதிக் காசைக் கையில் வைத்திருங்கள்.

காரைநகர், வல்வெட்டித்துறை போன்ற கரையோரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில பனல்களின் உத்தரவாதத்தில் கடலிலிருந்து இத்தனை தூரம் என்று நிபந்தனை இருக்கும். கையெழுத்து வைக்க முன்பே அதை வாசித்துவிடுங்கள். பனலைத் தாங்கும் சட்டங்கள் அலுமினியம், போல்ட்டுகள் துருப்பிடிக்காத உருக்கு என்று விலைப்பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள்.