பொது சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு: எங்கிருந்து தொடங்குவது?

படி 1: கல்லூரியைத் தேடாதீர்கள், வேலை அறிவிப்பைத் தேடுங்கள். நீங்கள் போக விரும்பும் வேலைக்கான அறிவிப்புகள் நாலைந்தை எடுத்து, கல்வித் தகுதி வரியை அடிக்கோடிடுங்கள். ‘எம்.பி.பி.எஸ். கட்டாயம்’ என்றிருந்தால் எம்.பி.எச். (பொது சுகாதார முதுநிலைப் பட்டம்) மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நுழைய முடியாது. டாக்டர்களுக்கு வழி தனி: நீட் பி.ஜி. (மருத்துவ முதுநிலை நுழைவுத்தேர்வு) எழுதி மூன்று ஆண்டு எம்.டி. சமுதாய மருத்துவம், அல்லது டி.பி.எச். எனும் பொது சுகாதார டிப்ளமோ. மற்றவர்களுக்குத் தொண்டு நிறுவனங்களும் ஆராய்ச்சித் திட்டங்களும்தான் பெரும்பாலும் வாசல். அங்கே எம்.பி.எச்.சுக்கு மதிப்பு உண்டு.

படி 2: எந்தப் பிரிவு? ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். கல்யாண விருந்தில் பாயசம் குடித்த 40 பேரில் 30 பேருக்கு வயிற்றுப்போக்கு. குடிக்காத 40 பேரில் 4 பேருக்குத்தான் என்று வைத்துக்கொள்வோம். 75 சதவீதம், 10 சதவீதம். ஏழரை மடங்கு! அடுத்து உங்களுக்கு என்ன கேட்கத் தோன்றுகிறது?

“பால் எங்கே வாங்கினார்கள், எத்தனை மணிக்குக் காய்ச்சினார்கள்?” என்றால் எபிடெமியாலஜி, அதாவது நோய் எப்படிப் பரவுகிறது என்று துப்புத் துலக்கும் நோய்ப்பரவலியல். “இந்த ஏழரை மடங்கு தற்செயலாக வந்திருக்காதா?” என்றால் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவத் தரவுகளுக்கான புள்ளியியல். “சமையல்கூடத்தை யாருமே சோதிக்கவில்லையா?” என்றால் சுகாதாரக் கொள்கை, நிர்வாகம். பாயசத்தை நினைத்துப் பசி வந்தால் இன்னும் கொஞ்ச நாள் யோசியுங்கள்.

படி 3: இப்போது கல்லூரி. இந்தியாவின் முதல் எம்.பி.எச். 1997இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் தொடங்கியது. சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தில் களப் புலனாய்வுக்கு முக்கியத்துவம் அதிகம். கணக்குப் பிரியர்களுக்கு வேலூர் சி.எம்.சி.யின் எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ். சமூகவியல் பின்னணி உள்ளவர்கள் மும்பை டிஸ் (டாடா சமூக அறிவியல் கழகம்) நிறுவனத்தின் சமூக எபிடெமியாலஜி எம்.பி.எச்.சைப் பாருங்கள். எந்தெந்த இளநிலைப் பட்டத்தை ஏற்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். அந்த ஆண்டின் கையேட்டைப் படிக்காமல் விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.

படி 4: வெளிநாடு என்றால், பிரிட்டனில் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு, அமெரிக்காவில் எம்.பி.எச். பொதுவாக இரண்டு. அமெரிக்கா போகிறவர்கள் பொது சுகாதாரப் படிப்புகளை மதிப்பிடும் சி.இ.பி.எச். அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

படி 5: சேருமுன் இரண்டே கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். களப்பணி எத்தனை வாரம்? போன பேட்ச் மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.